121 கொரோலாவுக்குக் கோன் பில்டரா, கம்பனிப் பெட்டியா?

பாண்டிருப்பு_121:

வண்டி கொரோலா 121. எஞ்சின் 1என்ஸெட்-எஃப்ஈ, ஓட்டோ கியர். எஞ்சினில் ஒரு மாற்றமும் இல்லை, சைலன்சரும் கம்பனியோடு வந்ததுதான். வேலை நாளில் கல்முனை – மட்டக்களப்பு ஏ4 வீதி. சனி, ஞாயிறு கிட்டங்கி தாண்டி நாவிதன்வெளிப் பக்கம் வயலுக்கு. அங்கே பாதிக்கு மேல் கிரவல் றோட்டு.

எயார் பில்டர் மாற்ற வேண்டிய நேரம். கேட்ட கடையில் மூன்று அங்குல அலுமினியப் பைப், கூம்பு வடிவிலான கோன் பில்டர், கிளம்ப் எல்லாம் சேர்ந்த செட் ஒன்றைக் காட்டினார்கள். கம்பனி பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டினால் எட்டுக் குதிரைவலு கூடும், பெற்றோலும் மிச்சம் என்கிறார்கள். எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சரை இருத்துவதற்குப் பைப்பிலேயே ஓட்டை இருக்கிறது.

சொல்கிற பவர் வருமா? பெற்றோல் மிச்சமாகுமா? வயல் புழுதிக்கு எது தாங்கும்? பெட்டியை வைத்துக்கொண்டே செய்யக்கூடியது ஏதும் உண்டா?

படுவான்கரை:

தம்பி, அந்த எட்டுக் குதிரைவலுவை முதலில் கணக்கில் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் எஞ்சின் 1497 சிசி. ஜப்பான் கணக்கில் 6000 சுற்றில் 109 குதிரைவலு. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் தன் கொள்ளளவை இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் இழுக்கும். ஆகவே 6000 சுற்றில் நிமிடத்துக்கு 1.5 × 3000, அதாவது 4500 லீற்றர். சிலிண்டர் நிரம்புவது 90 வீதம் என்று வைத்தால் 4000 லீற்றர் சொச்சம். அந்தப் பெட்டி ஆகக்கூடுதலாக விட வேண்டிய காற்று அவ்வளவுதான்.

எட்டுக் குதிரைவலு என்பது 7 வீதத்துக்கும் மேல். பெட்டியை மாற்றியே அது வரவேண்டுமென்றால், இப்போதைய பெட்டியும் பில்டரும் சேர்ந்து காற்றழுத்தத்தில் 7 வீதத்தை, கிட்டத்தட்ட 7 கிலோபஸ்காலை, விழுங்கிக்கொண்டிருக்க வேண்டும். இந்த அளவு எஞ்சினில் சுத்தமான காகித பில்டரும் பெட்டியும் முழு எக்சிலேட்டரில் விழுங்குவது பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டரைக் கிலோபஸ்கால். அதைப் பூச்சியமாக்க எந்த பில்டராலும் முடியாது. முடிந்தாலும் கிடைப்பது இரண்டு குதிரைவலு சொச்சம். அதுவும் 5500 சுற்றுக்கு மேலே, கல்லாற்றுப் பாலத்தில் யாரும் போகாத சுற்றில்.

இனி வெப்பம். காற்றின் அடர்த்தி தனிவெப்பநிலைக்கு எதிர்விகிதம். வெளியே 33 பாகை என்றால் 306 கெல்வின். பொனட்டுக்குள் மெதுவாக ஊர்ந்துபோகும்போது 60 பாகையைத் தாண்டுவது சாதாரணம், அது 333 கெல்வின். 306ஐ 333ஆல் பிரித்தால் 0.92. காற்றில் 8 வீதம் காணாமல் போகிறது. பவர் அதே அளவுக்கு விழாது, ஏனென்றால் சிலிண்டருக்குள் போகிற வழியில் எந்தக் காற்றும் கொஞ்சம் சூடாகத்தான் செய்யும். பாதி என்று வைத்தாலும் 4 வீதம் நட்டம். பொனட்டுக்குள் திறந்தபடி இருக்கும் கோன் இந்த வெப்பத்தைத்தான் குடிக்கும். கம்பனிப் பெட்டியின் மூக்கு முன்பக்கத்துக் காற்றை எடுக்கிறது. குளிர்காற்று இன்டேக் என்று தனியாக விற்கிறார்களே, அது ஏற்கெனவே உங்கள் வண்டியில் இருக்கிறது.

பெற்றோல் மிச்சம் என்பது இதைவிட இலகுவில் உடையும் கதை. 60இல் சீராக ஓடும்போது, எக்சிலேட்டரால் திறந்து மூடும் த்ரொட்டில் தகடு முக்கால்வாசி மூடியிருக்கும். அதற்கு அப்பால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் மனிஃபோல்டில் 35, 40 கிலோபஸ்கால்தான் நிற்கும். வெளிக்காற்று 100. அந்த 60 கிலோபஸ்காலையும் தடுப்பது தகடு. அதற்கு முன்னால் பில்டர் கால் கிலோபஸ்கால் தடுத்தால் என்ன, தடுக்காவிட்டால் என்ன? நீங்கள் எக்சிலேட்டரை ஒரு மயிரளவு கூட்டிக் குறைப்பதில் அது கழிந்துபோகும். அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்துக்காக ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடம் 2009இல் இதைச் சோதித்தது. இன்ஜெக்ஷன் வண்டிகளில் பில்டரை வேண்டுமென்றே அடைத்துப் பார்த்தபோது பெற்றோல் செலவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. இழுவைதான் குறைந்தது. அடைத்த பில்டருக்கே அப்படியென்றால், சுத்தமான பில்டரை இன்னொரு சுத்தமான பில்டராக மாற்றி மிச்சம் பிடிப்பது எங்கே?

நம்பாவிட்டால் அளந்து பாருங்கள். மேசன்மார் மட்டம் பார்க்கிற லெவல் ரியூப் மூன்று மீற்றர் வாங்குங்கள். ஒரு பலகையில் ‘யு’ வடிவில் கட்டுங்கள், ஒவ்வொரு காலும் ஒரு மீற்றர் உயரம். பாதி உயரம் வரை சாயம் கலந்த தண்ணீர். ஒரு முனை திறந்திருக்கட்டும். மற்ற முனையை ஒரு வெறும் சோடாப் போத்தல் வழியாக எடுங்கள், தப்பித் தவறித் தண்ணீர் ஏறினால் போத்தலில் விழும், எஞ்சினுக்குப் போகாது. வால்வ் கவரிலிருந்து இன்டேக் ஹோஸுக்கு வரும் பிரீதர் ஹோஸைக் கவர் பக்கம் கழற்றி, அந்த முனையில் ரியூபைப் பூட்டுங்கள். கவர் நிப்பிளை ரப்பர் மூடியால் அடைக்க வேண்டும். திறந்து விட்டால் மாஃப் அளக்காத காற்று அதன் வழியே, எஞ்சின் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் பிசிவி வால்வுக்குள் போய் ரீடிங்கைக் குழப்பும்.

பலகை உள்ளே, பக்கத்து சீற்றில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கியரை ‘எல்’இல் போட்டு வெறிச்சோடிய கார்ப்பட் றோட்டில் 6000 சுற்று வரை முழுசாக மிதித்தால் வேகம் 60க்குள்தான் இருக்கும். இரண்டு கால்களுக்கும் இடையிலான தண்ணீர் உயர வித்தியாசம் 10 சென்ரிமீற்றர் என்றால் 1 கிலோபஸ்கால், பவரில் ஏறத்தாழ 1 வீதம். 15க்குள் இருந்தால் பெட்டியைத் தொடவே வேண்டாம். 30ஐத் தாண்டினால் ஏதோ அடைத்திருக்கிறது, மூக்குக் குழாய் உட்பட எல்லாம் பாருங்கள். கடைசியாக பில்டரை எடுத்துவிட்டுப் பெட்டியை மூடி ஒரேயொரு ஓட்டம், கார்ப்பட்டில் மட்டும். அப்போது பெட்டியின் பங்கு வேறு, பில்டரின் பங்கு வேறு என்று பிரிந்துவிடும்.

ஏறாவூர்_ஸ்கேனர்:

பவர் கணக்கில் எனக்கு ஒன்றும் சேர்க்க இல்லை. பயம் அந்த மூன்று அங்குலப் பைப்பில்தான்.

மாஃப் சென்சர் பைப்புக்குள் போகும் முழுக் காற்றையும் அளப்பதில்லை. சூடான கம்பிக்குப் பக்கத்தால் போகும் ஒரு துளிக் காற்றை அளக்கிறது. அதை முழுக் காற்றாக மாற்றும் அட்டவணை ஈசியூவில் (எஞ்சினை ஆளும் கம்பியூட்டரில்) இருக்கிறது, கம்பனி மூடியின் உள்விட்டத்துக்கு என்று எழுதப்பட்டது. விட்டத்தை மாற்றினால் அட்டவணை பொய்.

சென்சர் இருக்கும் இடத்தில் உள்விட்டத்தை வேர்ணியரால் அளந்து பாருங்கள். பேச்சுக்கு 60 மில்லிமீற்றர் என்று வைப்போம். மூன்று அங்குலப் பைப்பின் சுவர்த் தடிப்பைக் கழித்தால் உள்ளே 73. பரப்பு 1.48 மடங்கு. அதே அளவு காற்று இப்போது மெதுவாகப் போகிறது, ஆகவே சென்சர் மூன்றில் ஒரு பங்கு குறைத்துச் சொல்லும். ஈசியூ அதற்கேற்றபடி பெற்றோலையும் குறைக்கும். ஒட்சிசன் சென்சர் காற்றில் ஒட்சிசன் மிஞ்சுகிறது என்று கத்தும், ட்ரிம், அதாவது ஈசியூ பெற்றோலைத் திருத்தும் வீதம், ஏறிக்கொண்டே போகும், 48 வீதம் ஏறினால்தான் சரியாகும். அதற்கு முன்பே எல்லை முட்டி, கலவையில் பெற்றோல் போதாது என்ற பி0171 கோட் விழும், செக் எஞ்சின் லைட் எரியும்.

கூடவே இன்னொரு வினை. காற்றுக் குறைவு என்றால் லோட் (எஞ்சினின் சுமை) குறைவு என்று ஈசியூ எடுத்துக்கொண்டு இக்னிஷனை, பொறி அடிக்கும் நேரத்தை, முன்னுக்குத் தள்ளும். உண்மையான லோட் அதிகம், கலவையில் பெற்றோல் போதாது, இக்னிஷனும் முன்னுக்கு, உள்ளே 92 ஒக்டேன் பெற்றோல். நொக் வரும், அதாவது கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டும். நொக் சென்சர் பிடித்து இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும், இருந்த பவரும் போகும். எமிஷன் டெஸ்டில் 2500 சுற்றில் பிடிக்கும்போது கலவை ஆடினால் அதுவும் தலையிடி.

63 மில்லிமீற்றர் உள்விட்டம் என்றால் பத்து வீதம்தான் பிழைக்கும், ட்ரிம் சமாளிக்கும். ஆனால் அதனால் என்ன லாபம் என்று படுவான்கரை அண்ணன் மேலே சொல்லிவிட்டார்.

சென்சருக்கு முன்னால் குறைந்தது 10, 15 சென்ரிமீற்றராவது நேரான பைப் வேண்டும். விற்கிற செட்டுகளில் வளைவு முடிந்த இடத்திலேயே ஓட்டை போட்டிருப்பார்கள். காற்று சுழன்று வந்து கம்பியில் அடிக்கும், ஐடிலில் (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது) ஊசி ஆடும், ஏசி போட்டால் எஞ்சின் நிற்கப் பார்க்கும்.

எதை மாற்றினாலும் முன்னும் பின்னும் ஸ்கேனரில் இரண்டு எண்களைப் பாருங்கள். நீண்டகால ட்ரிம் கூட்டல் கழித்தல் 5 வீதத்துக்குள் இருந்தால் நல்லது, 10 என்றால் தேடிப் பாருங்கள், 15ஐத் தாண்டினால் வேலையில் பிழை. எஞ்சின் சூடான பிறகு, ஏசி இல்லாமல், ஐடிலில் மாஃப் செக்கனுக்கு ஒன்றரையிலிருந்து மூன்று கிராமுக்குள் காட்ட வேண்டும். 6000 சுற்றில் முழு எக்சிலேட்டரில் 75, 80 கிராம். பெட்டி அதேதான், பில்டர் மட்டும் மாறியது என்றால் இந்தக் கடைசி எண் கூடியிருக்கிறதா என்பதே விடை. மாஃப் இருக்கும் பைப்பையே மாற்றிவிட்டால் அந்த எண்ணை நம்ப முடியாது, அளவுகோலே மாறிவிட்டது.

ஒரு எச்சரிக்கை: ஜப்பான் உள்ளூருக்கென்று செய்த 121களில் சிலவற்றோடு காரில் செருகி எண்களை வாசிக்கும் சாதாரண ஈஎல்எம் 327 புளூடூத் கட்டை பேசாது. கட்டை பழுது என்று எறிந்துவிட வேண்டாம். புரொட்டகோல் வேறு, டொயோட்டா தெரிந்த ஸ்கேனர் உள்ள கராஜில் பாருங்கள்.

நாவற்குடா_1500:

எல்லாரும் சேர்ந்து கோனைக் கொன்றே போட்டீர்கள். 😄

கம்பனி எஞ்சினுக்குப் பிரயோசனம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காம் (வால்வைத் திறக்கும் தண்டு) மாற்றி, ஹெடர் (புகை போகும் விசேட பைப்) போட்டு, 7000க்கு மேலே இழுக்கிற எஞ்சினுக்கோ டேர்போ ஏற்றிய எஞ்சினுக்கோ இந்தப் பெட்டி போதாது. அங்கே அந்தத் தண்ணீர் ரியூபே 40, 50 காட்டும். அப்படியான வண்டிக்கு ஆஃப்டர் மார்க்கெட்தான், ஆனால் செட் வாங்கிப் பூட்டுவது அல்ல, செய்விப்பது.

செய்கிற முறை: பழைய சாமான் கடையில் இன்னொரு பெட்டி மூடி வாங்கி, மாஃப் இருக்கும் குழாய்த் துண்டை அப்படியே வெட்டி எடுங்கள். உள்ளே இருக்கும் வலையையும் விடாதீர்கள். ஈசியூவை ரியூன் பண்ணாதவரை அந்தத் துண்டுதான் அளவு. அதற்கு முன்னால் நேர் பைப், அதற்கு முன்னால் கோன். கோனைச் சுற்றி ஒன்றரை மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டில் அறை, மேல் விளிம்பில் கதவு ரப்பர் ஒட்டினால் பொனட் மூடும்போது அறையும் மூடும். கிறிலுக்குப் பின்னாலிருந்து அறைக்கு ஒரு குழாய். இது இல்லாவிட்டால் அண்ணன் சொன்ன 8 வீதக் கணக்கில் மாட்டுவீர்கள்.

இணைப்புகளுக்கு நாலு மடிப்பு சிலிக்கன் ஹோஸ். எஞ்சின் ஆடும், பொடி ஆடாது, ஆகவே பைப்பை பொடியில் ரப்பர் வைத்துப் பிடித்து, எஞ்சின் பக்கம் வளையக்கூடிய ஒரு துண்டு விட வேண்டும். இல்லாவிட்டால் த்ரொட்டில் வாயில் ஹோஸ் கிழியும், மாஃபுக்குப் பின்னால் காற்று களவாகப் போகும், மறுபடி பி0171. கிளம்ப் கறுக்காத எஃகு, 304 தரம். நமது கடற்கரைக் காற்றில் சாதாரண கிளம்ப் துருப்பிடித்து, திருக முடியாமல் அறுந்துதான் வரும். பிரீதர் நிப்பிள் இல்லாத பைப் வாங்கவே வேண்டாம். சிலர் பிரீதரைச் சும்மா தொங்கவிடுகிறார்கள், வால்வ் கவருக்குள் புழுதியைத் தானே அழைப்பதுதான் அது.

சத்தம் வேண்டும் என்று கோன் பூட்டுகிறவன் உண்மையைத்தான் சொல்கிறான், அவனோடு எனக்குச் சண்டை இல்லை. பவர் என்று சொல்லி விற்பதுதான் பிழை. சத்தம் மட்டும்தான் தேவையென்றால் பெட்டியை விட்டுவிட்டு ரெசனேட்டரைக் கழற்றுங்கள், செலவே இல்லை.

படுவான்கரை:

ரெசனேட்டர் பற்றி ஒரு திருத்தம். அது மூக்குக் குழாயின் பக்கத்தில் தொங்கும் வெறும் அறை. காற்று அதற்குள்ளால் போவதில்லை, குழாயில் எழும் இரைச்சலில் ஒரு குறிப்பிட்ட அலையை விழுங்குகிறது. கழற்றினால் காற்றோட்டம் அதிகரிக்காது, சில சுற்றுகளில் அடி இழுவை குறையவும் கூடும். கழற்றினால் அதன் வாயை மூடியால் அடையுங்கள். திறந்து விட்டால் பில்டருக்கு முன்னாலேயே பொனட் சூடு குழாய்க்குள் வரும். கோன் பூட்டிய அதே பலன், கோன் இல்லாமலே.

பாண்டிருப்பு_121:

விளங்குகிறது. அலுமினியப் பைப்பை விட்டுவிட்டேன். பெட்டிக்குள்ளேயே வைக்கிற எண்ணெய்ப் பருத்தி பில்டர், கழுவிக் கழுவிப் பாவிக்கலாம் என்கிறார்களே, அது எப்படி? வயல் புழுதிக்கு?

சம்மாந்துறை_காக்கா:

தம்பி, வயல் றோட்டுக்கு அது வேண்டாம். காரணம் சொல்றேன்.

நல்ல காகிதம் புழுதியில் 99 வீதத்துக்கு மேல் பிடிக்கும். பருத்தி அதற்குக் கொஞ்சம் கீழே. ஒன்று 99, மற்றது 97 என்று வைத்துக்கொண்டால் இரண்டு வீதம்தானே என்று தோன்றும். பிடிபடுவதைப் பார்க்காதே, தப்பிப் போவதைப் பார். 100 கிராம் புழுதியில் ஒன்றில் 1 கிராம் எஞ்சினுக்குள் போகிறது, மற்றதில் 3 கிராம். மூன்று மடங்கு. கிரவல் தூள் படிகக்கல்லுப் பொடி, பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரைக்கும். ஓயில் குடிக்கத் தொடங்கினபிறகுதான் தெரியும், அப்போ பில்டரில் மிச்சம் பிடித்த காசு ஒரு மூலைக்கும் காணாது.

நெல்லு வெட்டு நேரம் வேறு கதை. பெரும்போகம் மாசி, பங்குனி, சிறுபோகம் ஆவணி, புரட்டாதி. அப்போ பறக்கிற பதரும் வைக்கல் தூசும் லேசு. அது எஞ்சினை அரைக்காது, ஆனா மூக்குக் குழாயையும் பில்டர் மடிப்பையும் மளமளவென்று அடைக்கும். வெட்டு முடிஞ்ச கையோட ஒருக்காப் பெட்டியைத் திறந்து பார்க்கவேணும். எலி நெல்லைக் கொண்டுவந்து பெட்டிக்குள் சேர்த்து வைச்சிருக்கும், அதையும் பார்.

பருத்தியைக் கழுவிக் காயவைக்கிறதுக்கும் இஞ்ச மாரியில் வெயில் இல்லை. ஈரம் முழுசாப் போகாமல் எண்ணெய் பூசினால் எண்ணெய் திட்டுத் திட்டாத்தான் பிடிக்கும், பிடிக்காத இடத்தால் புழுதி போகும். பயந்து கூடப் பூசினால் மாஃப் கம்பியில் போய் ஒட்டும். கார்ப்பட் றோட்டு மட்டும் ஓடுற வண்டிக்கு, பொறுமையாக் கழுவுற ஆளுக்கு, சரி. உன்ர பாவனைக்கு இல்லை.

காகிதத்தைச் சரியாப் போடு, அதுதான் பெரிய வேலை. பில்டருக்குள்ளால் போற புழுதியைவிட பில்டர் விளிம்பைச் சுற்றிப் போற புழுதிதான் கூட. பெட்டியைத் திறக்க முதல் வெளிப்பக்கம் ஈரத்துணியால் துடை. பழையதை எடுத்தவுடன் மேல்மூடிக் குழாய் வாயைத் துணியால் மூடு. கீழ்ப்பெட்டியை ஈரத்துணியால் துடைச்சு எடு, காற்றடிக்காதே, அடிச்சால் மேலே பறந்து சுத்தப் பக்கம் போகும். அடியில் தண்ணி வடிகிற சின்ன ஓட்டை அடைச்சிருந்தால் குத்திவிடு. புதுசை வைச்சு நாலு மூலையும் விரலால் அமர்த்திப் பார், பிறகு மூடியின் கொளுக்கி பின்பக்கத்தில் சரியா விழுந்ததா பார், கடைசியாக் கிளிப். ஒரு கிளிப் உடைஞ்சிருந்தாலும் கம்பி கட்டிச் சமாளிக்காதே, மாற்று.

புழுதி போகுதா என்று அறிய ஒரு வழி: மாஃபுக்குப் பின்னால், த்ரொட்டிலுக்கு முன்னால் ஹோஸின் உட்சுவரில் பெருவிரல் அகலத்துக்கு மெல்லிசா கிறீஸ் தடவு. 500 கிலோமீற்றர் ஓடினபிறகு விரலால் தேய்ச்சுப் பார். மணல் மாதிரி நறநறத்தால் எங்கேயோ வழி இருக்கு.

டுப்ளிகேட் கவனம். டொயோட்டா பில்டர் நம்பர் 17801 என்றுதான் தொடங்கும், மிச்ச நம்பரைச் செசி நம்பர் கொடுத்துக் கேள். ஒரிஜினல் மாதிரிப் பெட்டியில் நம்பர் போட்டுவந்தது என்பதற்காக மட்டும் அது ஒரிஜினல் ஆகாது, பழசோட வைச்சு ஒப்பிடு. மடிப்பை எண்ணு, டுப்ளிகேட்டில் மடிப்புக் குறைவு. விளிம்பு ரப்பர் அமர்த்தினால் அமர்ந்து எழும்பவேணும், கல்லு மாதிரி இருந்தால் மூடி மூடினாலும் சீல் ஆகாது. மடிப்பு அலைஞ்சு வளைஞ்சு நின்றால் வாங்காதே.

காற்றடிச்சுச் சுத்தம் பண்ணுறதென்றால் சுத்தப் பக்கத்திலிருந்து வெளியே, 30 பிஎஸ்ஐக்குள், ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு. ரயர் கடைக் கொம்பிரசரை அப்படியே ஒட்டிப் பிடிச்சால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். இரண்டு தரத்துக்கு மேல் அடிச்சு ஓட்டாதே. 5000க்கு ஒருக்காத் திறந்து பார், உன்ர றோட்டுக்கு 10,000, 15,000இல் மாற்று. கார்ப்பட் மட்டும் என்றால் 40,000 வரை போகும்.

ஏறாவூர்_ஸ்கேனர்:

காக்கா சொன்ன எண்ணெய்க் கதையோடு ஒன்று. மாஃப் கழுவுவதற்கு மாஃப் கிளீனர் என்றே விற்கும் ஸ்பிறே மட்டும். காபியூரேட்டர் கிளீனர், பிரேக் கிளீனர் அடித்துப் பிளாஸ்டிக்கையும் கம்பிப் பூச்சையும் கெடுக்க வேண்டாம். சாவியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, சென்சரை வெளியே எடுத்து, கம்பியைத் தொடாமல் அடித்து, இருபது நிமிடம் காயவிட்டுப் பூட்டுங்கள். சந்தேகமான ஒரு டுப்ளிகேட் சென்சரை மாற்றுவதைவிட ஒரிஜினலைக் கழுவுவது மேல். டொயோட்டாவில் அதன் நம்பர் 22204 என்று தொடங்கும்.

திருக்கோவில்_ஹைலக்ஸ்:

யாரும் தண்ணீர் பற்றிப் பேசவில்லையே. கிட்டங்கி வழியால் போகிறவர் மார்கழி வெள்ளத்தில் என்ன செய்வார்?

அடுத்த கடையில் பம்பருக்குள் இறக்கும் நீளமான பைப் செட் காட்டுவார்கள், சூடு பிரச்சினை இல்லை என்று. சூடு இல்லைதான். ஆனால் பில்டர் நிலத்திலிருந்து ஒரு முழத்தில் இருக்கும். 1என்ஸெட்டின் ஒரு சிலிண்டர் 374 சிசி, அமுக்க விகிதம் 10.5. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் 374ஐ 9.5ஆல் (10.5இல் ஒன்றைக் கழித்தது) பிரித்தால் 39 சிசி. மூன்று மேசைக்கரண்டிகூட இல்லை. அதற்கு மேல் தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் போனால் தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொனெக்டிங் ரொட் வளையும்.

கம்பனி மூக்கு மேலே இருக்கிறது என்று துணிச்சலும் வேண்டாம். வேகமாகப் போனால் முன்னால் எழும்பும் அலை பொனட் வரை வரும், எதிரே லொறி வந்தால் இன்னும் மோசம். சில்லின் நடு மையம் வரை, ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர், அதுவும் நடை வேகத்தில். அதற்கு மேல் திரும்பிப் போங்கள்.

தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் அடிக்காதீர்கள். ரொட் வளைவது பெரும்பாலும் அந்த இரண்டாவது அடியில்தான். தள்ளி வெளியே எடுத்து பில்டரைத் தொட்டுப் பாருங்கள். நனைந்திருந்தால் பற்றறியைக் கழற்றி, நாலு ஸ்பார்க் பிளக்கையும் எடுத்து, கிராங்க் போல்டில் ஸ்பானர் வைத்துக் கையால் இரண்டு சுற்று. எங்கும் முட்டாவிட்டால், இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, பற்றறியைப் பூட்டி ஸ்டார்ட்டரால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். பிளக் துவாரத்துக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். டிப் ஸ்ரிக்கில் ஓயில் பால் நிறமாக இருந்தால் ஓயிலும் பில்டரும் மாற்றாமல் ஸ்டார்ட் வேண்டாம். பிறகு நாலு சிலிண்டரிலும் கொம்பிரஷன் அளந்து, ஒன்று மட்டும் குறைந்தால் ரொட் வளைந்திருக்கலாம்.

ஹைலக்ஸ்காரருக்கும் ஒரு சொல்: கூரை வரை ஸ்நோர்க்கல் (காற்று இழுக்கும் குழாய்) ஏற்றிவிட்டுப் பில்டர் பெட்டியின் அடியிலுள்ள வடிகால் வாயையும் இணைப்புகளையும் சீல் பண்ணாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

வாழைச்சேனை_660:

இடையில் கேட்கிறேன். எனது வேகன் ஆரில் பில்டர் பெட்டியில் மாஃப் இல்லை, மனிஃபோல்டில்தான் சென்சர். அப்போ பைப் விட்டம் பிரச்சினை இல்லையா?

ஏறாவூர்_ஸ்கேனர்:

விட்டத்தால் அளவு பிழைக்காது. உங்களுடையது மாஃப் அல்ல, மாப். மாப் சென்சர் மனிஃபோல்ட் அழுத்தத்தைத்தான் அளக்கிறது, கூடவே காற்றின் வெப்பநிலையை வைத்துக் கணக்குப் போடுகிறது. ஆகவே அங்கே ஆபத்து வெப்பநிலை சென்சரில். அதைச் சூடான அலுமினியப் பைப்பில் குத்திவிட்டால் உண்மைக் காற்றைவிடக் கூட்டிச் சொல்லும், பெற்றோல் குறையும். வெப்பம், புழுதி, தண்ணீர் மூன்றும் உங்களுக்கும் பொருந்தும். டேர்போ உள்ள ஸ்டிங்ரே என்றால் புழுதி முதலில் டேர்போ விசிறியில் அடிக்கும், கோன் வேண்டவே வேண்டாம்.

பாண்டிருப்பு_121:

லெவல் ரியூப் கட்டிப் பார்த்தேன். பழைய பில்டரோடு 24 சென்ரிமீற்றர். பில்டர் இல்லாமல் 9.

படுவான்கரை:

நல்ல அளவு. பெட்டியும் மூக்கும் குழாயும் சேர்ந்து 9, ஒரு வீதம்கூட இல்லை. பெட்டியைக் கழற்றி எறிந்தாலும் அதுதான் மிஞ்சும். மிச்சம் 15 அழுக்குக் காகிதத்தின் பங்கு. புது ஒரிஜினல் போட்டு மறுபடி பாருங்கள், மொத்தம் 15க்குக் கிட்ட வரவேண்டும். வரும் எண்ணைப் பெட்டி மூடியில் மார்க்கரால் எழுதிவையுங்கள். அடுத்தமுறை அந்த எண்ணைவிடப் பத்துக் கூடும்போது பில்டரை மாற்றுங்கள். வெட்டுக் காலத்தில் அது 6000 கிலோமீற்றரிலேயே வரக்கூடும், மாரியில் இரண்டு மடங்கு போகக்கூடும், கிலோமீற்றர் கணக்கு அதைக் காட்டாது.

ரியூபைக் கழற்றியதும் கவர் நிப்பிளில் வைத்த ரப்பர் மூடியை எடுத்துவிட்டு பிரீதர் ஹோஸைத் திருப்பிப் பூட்டுங்கள். மூடியை மறந்து ஓடினால் எஞ்சினின் ஓயில் பகுதிக்குள் புதுக்காற்றுப் போகாது, ஓயில் சீக்கிரம் சேறாகும், சீல்களால் கசியத் தொடங்கும்.